எதைக் கொடுப்பது, எதை மறைப்பது? தகவல் உரிமையும் அந்தரங்கமும்: வாசகர் கேள்விகள்

(தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த காலத்திலிருந்து, முதலில் பொதுத் தகவல் அலுவலராகவும் பின்னர் மேல்முறையீட்டு அலுவலராகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற அரசு அலுவலர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, நான் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருக்கிறேன். சென்ற மாதம் என்னைப் பொதுத் தகவல் அலுவலராக நியமித்து ஆணை வந்தது. பயிற்சி எதுவும் இல்லை. முன்பு இருந்தவர் ஒரு கட்டு மனுக்களை என் மேசையில் வைத்துவிட்டு மாறுதலில் போய்விட்டார். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அந்தக் கட்டை முதலில் தேதிவாரியாக அடுக்குங்கள், சகோதரி. முப்பது நாள் கணக்கு உங்கள் இருக்கைக்குத் தபால் வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை; மனு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட மனு என்றால் 48 மணி நேரம்தான். உங்கள் அலுவலகத்துக்கு உரியதல்லாத மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டு, அதை மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். கெடு தாண்டிய மனுக்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்டுக் கடிதம் எழுதிவிடாதீர்கள். பிரிவு 7(6)-இன்படி அவற்றுக்குத் தகவலை இலவசமாகவே தர வேண்டும்.

அபராதத்தை நினைத்துப் பயந்திருப்பீர்கள். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் விதிக்கலாம் என்பதும், அது அலுவலகச் செலவில் சேராமல் உங்கள் சம்பளத்திலிருந்தே போகும் என்பதும் உண்மைதான். ஆனால் கோப்பு உங்களிடம் இல்லாமல் வேறு பிரிவில் இருக்கும்போது, அந்தப் பிரிவு அலுவலரிடம் பிரிவு 5(4)-ஐக் குறிப்பிட்டு எழுத்துமூலம் உதவி கேட்டு, அந்தக் கடிதத்தின் அலுவலக நகலைப் பத்திரமாக வைத்திருந்தீர்களானால், அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் அவரும் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். வாய்ச்சொல்லாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள்தாம் விசாரணையில் தனியாக நின்றார்கள். நானும் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன்.

அடுத்து, இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டியதில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோப்பில் இருப்பதை இருக்கிறபடி தருவதுதான் உங்கள் வேலை. ஆயினும் இந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளையெல்லாம் தள்ளிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒருவருடைய பட்டா மாறுதல் மனு நிராகரிக்கப்பட்டிருந்தால், அதற்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை பிரிவு 4(1)(டி)-யிலேயே இருக்கிறது. காரணம் குறிப்புக் கோப்பில் (அலுவலர்கள் தங்கள் கருத்தையும் முடிவையும் எழுதும் பகுதியில்) எழுதப்பட்டும் இருக்கும். குறிப்புக் கோப்பின் நகலைக் கொடுத்துவிட்டால் கேள்வியும் தீர்ந்தது, மேல்முறையீடும் வராது.

மறுப்பதாக இருந்தால், எந்தப் பிரிவின் கீழ், என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள், யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற மூன்றும் கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும். மறுத்தது சரியென்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலைமேல்தான் இருக்கிறது. மனுதாரர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்த வேலையின் நுட்பமெல்லாம் பிரிவு 10-இல் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டியது ஒரு வரி என்றால் அந்த ஒரு வரியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும். நான் தொடக்கத்தில் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். கருணை அடிப்படையிலான பணி நியமனத்தில் தன்னைவிடப் பின்னால் விண்ணப்பித்தவருக்கு முன்னதாக வேலை கிடைத்துவிட்டது என்று கருதிய ஒரு பெண்மணி, அந்த நியமனக் கோப்பின் நகலைக் கேட்டிருந்தார். விண்ணப்பத் தேதி, முன்னுரிமை வரிசை, ஒப்புதல் அளித்த அதிகாரியின் குறிப்பு ஆகியவை பொது விவகாரம். இறந்த ஊழியருடைய நோயின் பெயரும், அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியல்ல. அந்த இரண்டையும் கறுப்பு மார்க்கரால் அழுத்திக் கோடு போட்டு நகலைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வேறொரு விளக்கத்துக்காக வந்தவர், 'சார், தாளை ஜன்னல் பக்கம் பிடித்தால் எழுத்து தெரிகிறது. தெரிந்ததும் மடித்து வைத்துவிட்டேன்' என்றார். எனக்குத் தலைகுனிவாக இருந்தது. அன்று முதல், நகலில் கோடு போட்டு, கோடு போட்ட நகலை மறுபடி நகலெடுத்து, அந்த இரண்டாவது நகலில் சான்றொப்பமிட்டுத் தருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். இப்போது கணினியில் பிடிஎஃப் கோப்பின்மேல் கறுப்புக் கட்டம் வைத்து அனுப்புகிறார்கள். கட்டத்துக்கு அடியில் இருக்கும் எழுத்து பல நேரங்களில் அப்படியே இருக்கும், சுட்டியால் இழுத்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வெளியே வந்துவிடும். அச்சிட்டு, மறைத்து, ஸ்கேன் செய்து அனுப்புவதே பாதுகாப்பு.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் அரசு வீடு கட்டும் திட்டத்தில் மூன்று ஆண்டுகளில் பயன்பெற்றவர்கள் யார், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வழங்கப்பட்டது என்று கேட்டிருந்தேன். 'தனிப்பட்ட தகவல் என்பதால் பிரிவு 8(1)(ஜே)-இன்படி வழங்க இயலாது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. சட்டம் மாறிவிட்டது, இனி எந்தப் பெயரையும் தர மாட்டோம் என்று அலுவலகத்தில் வாய்மொழியாகவும் சொல்கிறார்கள். இது சரியா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சட்டம் மாறியது உண்மை. எந்தப் பெயரையும் தர மாட்டோம் என்பது உண்மையல்ல.

பழைய 8(1)(ஜே) என்ன சொன்னது என்பதைப் பார்த்தால்தான் மாறியது எதுவென்று புரியும். கேட்கப்பட்ட தனிப்பட்ட தகவலுக்குப் பொதுச் செயல்பாட்டோடு தொடர்பு இருக்கிறதா, அதை வெளியிட்டால் ஒருவருடைய அந்தரங்கத்துக்குள் தேவையின்றி நுழைந்ததாகுமா, அப்படியே ஆனாலும் பெரிய அளவிலான பொதுநலன் அதை நியாயப்படுத்துகிறதா என்று பொதுத் தகவல் அலுவலர் தானே எடைபோட வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் அதன் கடைசியில் இருந்தது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3)-ஆம் பிரிவின் மூலம் இவை அனைத்தையும் எடுத்துவிட்டு, 'தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்' என்ற ஒற்றை வரியை அங்கே வைத்தது. அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்த மத்திய அரசு, இந்தத் திருத்தத்தை 2025 நவம்பரில் விதிகளை அறிவித்த கையோடு உடனே நடைமுறைப்படுத்திவிட்டது. தனியார் நிறுவனங்கள் நம் தரவை ஒழுங்காகக் கையாளத் தயாராவதற்குக் காலம் வேண்டும், அரசு அலுவலகம் நமக்குத் தகவலை மறுப்பதற்கு மட்டும் காலம் வேண்டாம் என்பது போன்ற இந்த வரிசை எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அந்தரங்கம் சிறிய விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை அடிப்படை உரிமை என்று அறிவித்ததற்கு முன்பே, ஊழியர்களின் மருத்துவச் செலவுக் கோப்புகளைக் கையாண்ட எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஈடுசெய்யப்பட்ட தொகை அரசுப் பணம், அதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. எந்த நோய்க்காக என்பது அந்த மனிதரின் சொந்த விஷயம். பழைய பிரிவைக் கொண்டே இரண்டையும் பிரிக்க முடிந்தது. அதிலும் நீதிமன்றங்கள் எப்போதும் தாராளம் காட்டியதில்லை. 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பாணைகள், அவருடைய சொத்து விவரம், வருமான வரிக் கணக்கு ஆகியவை தனிப்பட்ட தகவல்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதன் நகல் எல்லா அலுவலகங்களிலும் சுற்றியது. அப்போதும்கூடப் பொதுநலன் இருப்பதாக மனுதாரர் காட்டினால் கதவு திறந்தது. 2019 நவம்பரில், தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தபோது, அந்தரங்கத்தையும் வெளிப்படைத்தன்மையையும் ஒவ்வொரு வழக்கிலும் எடைபோட வேண்டும் என்றுதான் சொன்னது. புதிய வரி அந்தத் தராசையே மேசையிலிருந்து எடுத்துவிட்டது. யோசிக்க வேண்டிய அலுவலருக்கு யோசிக்காமலிருக்க அனுமதி கிடைத்துவிட்டது என்பதே என் மனத்தாங்கல்.

இனி உங்கள் மனுவுக்கு வருகிறேன். முதலாவதாக, பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. பாதுகாக்கப்படும் நலனுக்கு ஏற்படும் தீங்கைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் அதிகம் என்றால், 8(1)-இல் உள்ள எந்த விலக்கையும் மீறிப் பொது அதிகார அமைப்பு (அரசு அலுவலகம் போன்றது) தகவலைத் தரலாம். இரண்டாவதாக, பிரிவு 4(1)(பி) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களில் ஒதுக்கப்பட்ட தொகையையும் பயனாளிகளின் விவரங்களையும், அரசின் சலுகைகளையும் உரிமங்களையும் பெற்றவர்களின் விவரங்களையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்பது அதிலுள்ள பதினேழு இனங்களில் அடக்கம். மூன்றாவது விஷயத்தைப் பல அலுவலர்கள் கவனிப்பதில்லை. ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் பொதுவெளியில் வைக்கப்படும் தனிநபர் தரவுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே பயனாளிகள் பட்டியலை வெளியிட்டால் தரவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

பதில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இந்த மூன்று பிரிவுகளையும் எண்ணோடு எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, கேட்பதைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பயனாளியின் பெயர், குக்கிராமம், ஆண்டு, ஒவ்வொரு தவணையிலும் விடுவிக்கப்பட்ட தொகை, அளவுப் புத்தகத்தில் பதிவான கட்டுமான நிலை ஆகியவை போதும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், சாதிச் சான்று ஆகியவை வேண்டாம், அவற்றைப் பிரிவு 10-இன்படி மறைத்துவிடலாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். மறுக்க நினைப்பவரின் கையிலிருக்கும் நியாயமான காரணத்தை நீங்களே முன்வந்து எடுத்துவிட்டால், பிறகு அவரிடம் மிஞ்சுவது அந்த ஒற்றை வரி மட்டுமே. இந்தச் சட்டத்தின் வேரே இப்படிப்பட்ட பட்டியல்களில்தான் இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1990-களில் வேலையாள் வருகைப் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்தபோதுதான், செத்தவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. பெயரில்லாத பட்டியலை வைத்துக்கொண்டு அப்படி எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முதல் மேல்முறையீட்டிலும் பலனில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு செய்யலாம். ஆணையத்தில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் கணவர் அரசு ஊழியர். ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது. சம்பளத்தைக் குறைத்துச் சொல்கிறார். அவருடைய அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் சம்பள விவரம் கேட்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கேட்கலாம் அம்மா. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். கணவரின் சம்பளத்தை அறிய மனைவிக்கு உரிமை உண்டு என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அது பழைய 8(1)(ஜே) இருந்த காலத்துத் தீர்ப்பு என்பதால், இன்று மனு போட்டால் மறுப்பு வர வாய்ப்பு உண்டு. ஆயினும் ஒவ்வொரு அலுவலருக்கும் ஊழியருக்கும் வழங்கப்படும் மாத ஊதியத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்பதும் பிரிவு 4(1)(பி)-இன் பதினேழு இனங்களில் ஒன்று. அதைச் சுட்டிக்காட்டி, மொத்த ஊதியத்தை மட்டும் கேளுங்கள். பிடித்தங்கள், கடன் விவரங்கள் ஆகியவற்றைக் கேட்டால் அவை அந்தரங்கம் என்று சொல்ல வசதியாகிவிடும்.

இதைவிடக் குறுக்கு வழி ஒன்று நீதிமன்றத்திலேயே இருக்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் இட்ட கட்டளைப்படி, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அதைத் தாக்கல் செய்யும்படி உத்தரவிடக் கோரி உங்கள் வழக்கறிஞரை மனுச் செய்யச் சொல்லுங்கள். பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் வரும் விளைவு கணவருக்கும் தெரியும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு ஒரே நபர் மாதம் இருபது மனு அனுப்புகிறார். வேலையே ஓடவில்லை. அவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் கேட்க முடியாதா?
– வாசகர், வேலூர்

பதில்: முடியாது. பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, மனுதாரர் நோக்கத்தைச் சொல்ல வேண்டும் என்ற பொருள்படத் தீர்ப்பில் எழுதிவிட்டு, 6(2)-ஐக் கவனிக்காமல் விட்டதை உணர்ந்து, சில நாள்களிலேயே தானாக முன்வந்து அந்தப் பத்திகளை நீக்கியது. நீதிபதிகளே திருத்திக்கொண்ட இடத்தில் நீங்கள் கால் வைக்க வேண்டாம்.

உங்கள் சிரமமும் பொய்யல்ல. அரசு ஊழியர்களில் 75 விழுக்காட்டினர் தங்கள் நேரத்தில் 75 விழுக்காட்டைத் தகவல் திரட்டுவதில் செலவிடும் நிலை நாட்டுக்கு வேண்டாம் என்று, மேலே சொன்ன 2011 தீர்ப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. இருபது மனுவிலும் அவர் கேட்பது ஒரே கோப்பைப் பற்றியதா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் குறித்து அவரை அழைத்து, கோப்பைக் கட்டோடு மேசையில் வைத்து, நேரில் பார்வையிடச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. என் அனுபவத்தில், இப்படி வந்து உட்கார்ந்து கோப்பைப் புரட்டியவர்களில் பலர் நான்கைந்து பக்கங்களுக்கு மட்டும் நகல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கேள்வி: 'கோப்பு கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால் அத்துடன் முடிந்ததா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை. கோப்பு காணவில்லை என்பது சட்டத்தில் எங்குமே விலக்காகச் சொல்லப்படவில்லை. ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தை முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரித்து யார் பொறுப்பு என்று தீர்மானிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் பம்புர்கர் வழக்கில் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தக் கோப்பின் தன்பதிவேட்டுப் பக்கத்தின் (எழுத்தர் தம்மிடம் வந்த கோப்புகளைப் பதிந்துவைக்கும் ஏட்டின்) நகல், பதிவறைக்கு அனுப்பியதற்கான பதிவின் நகல், விதிப்படி அழிக்கப்பட்டதாகச் சொன்னால் அழித்த உத்தரவின் நகல். காணாமல் போன கோப்புகள் சில, இந்த மூன்றையும் கேட்டதும் பீரோவின் மேல்தட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். தகவல் உரிமை, தரவுப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் பணியாற்ற ஆசை. தகவல் ஆணையர் ஆவது எப்படி? புதிய தரவுப் பாதுகாப்பு வாரியம் இதைவிட அதிகாரம் மிக்கதா?
– வாசகர், மதுரை

பதில்: ஆணையர் பதவிக்குத் தேர்வு கிடையாது. முதலமைச்சர், சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் நியமிக்கும் ஓர் அமைச்சர் ஆகிய மூவர் குழு பரிந்துரைக்க, ஆளுநர் நியமிக்கிறார். சட்டம், அறிவியல், சமூகப் பணி, இதழியல், நிர்வாகம் எனப் பல துறைகளைச் சட்டம் குறிப்பிட்டாலும், நடப்பில் ஓய்வு பெற்ற உயர் அதிகாரிகளே அதிகம் வருகிறார்கள். நிர்வாகத்தில் ஊறிய நான் சொன்னாலும் இது நல்ல வழக்கமல்ல. முன்பு ஐந்தாண்டு என்று சட்டத்திலேயே உறுதி செய்யப்பட்டிருந்த பதவிக்காலத்தை 2019 திருத்தம் மத்திய அரசின் விதிகளுக்கு விட்டுவிட்டது. இப்போது மூன்றாண்டு.

இரண்டையும் அதிகாரத்தில் ஒப்பிடுவது சிரமம். ஆணையம் ஓர் எழுத்தருக்கோ வட்டாட்சியருக்கோ 25,000 ரூபாய்க்கு மேல் அபராதம் விதிக்க முடியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமையும் வாரியம் ஒரு நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை விதிக்கலாம். ஆனால் அந்தத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குப் போகுமே தவிர, தரவு கசிந்ததால் நட்டப்பட்டவருக்கு வாரியம் இழப்பீடு தராது. ஆணையமோ, பாதிக்கப்பட்ட மனுதாரருக்கு இழப்பீடு தரும்படி பொது அதிகார அமைப்புக்கு உத்தரவிடலாம். நீங்கள் இளைஞர் என்பதால் ஒரு யோசனை: படிக்கும்போதே யாராவது ஒருவருக்கு இரண்டாவது மேல்முறையீடு எழுதிக் கொடுத்து, விசாரணைக்கு அவரோடு போய் வாருங்கள். வழக்கறிஞர் இல்லாமலே வாதாடக்கூடிய இடம் அது.

கேள்வி: மணல் குவாரி பற்றி மனு போட வேண்டும். என் வீட்டு முகவரி குவாரிக்காரர்களுக்குப் போய்விடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
– வாசகர் (ஊர் தவிர்க்கப்பட்டது)

பதில்: பயம் நியாயமானது. மூன்றாம் நபர் (இங்கே குவாரிக்காரர்) சம்பந்தப்பட்ட தகவல் என்றால் பிரிவு 11-இன்படி அவருக்கு ஐந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்பி, பத்து நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். இன்ன தகவல் கேட்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தால் போதும். மனுவை முகவரியோடு நகலெடுத்து இணைத்து அனுப்பும் அலுவலர்களை நான் கண்டித்திருக்கிறேன். தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறெந்தச் சொந்த விவரமும் மனுதாரர் தர வேண்டியதில்லை என்பதே சட்டம். வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தாலும் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் சொல்லி, மத்திய அரசும் அடுத்த ஜனவரியில் அதைத் தன் துறைகளுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது. உங்கள் ஊர்த் தலைமை அஞ்சலகத்தில் தபால் பெட்டி வாடகைக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். மனுவைத் தபாலில் அனுப்பும்போது, உறையில் அனுப்புநர் இடத்திலும் வீட்டு முகவரியை எழுதிவிடாமல் அந்தப் பெட்டி எண்ணையே எழுதுங்கள்.